மாதப்பா ஒரு ஆலியாஸ் இல்லை

கடவுளுக்குப் பேர் எதற்கு என்று நான் கோயிலில் நின்று யோசித்ததில்லை. அங்கே பின்னாலிருந்து கூட்டம் தள்ளும், முன்னால் 'நடங்க, நடங்க' என்பார்கள். யோசித்ததெல்லாம் மைசூரில், நான் வேலை பார்க்கும் கல்லூரியின் சர்வர் அறையில், ஏசிக் குளிருக்கு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டுதான். என் வேலையில் பாதி, மெஷின்களுக்குப் பேர் வைப்பது. மீதிப் பாதி, வைத்த பேர் திறக்கவில்லை என்று வருகிறவர்களுக்குச் சமாதானம் சொல்வது.

சொந்த ஊர் ஹனூர். வீட்டில் சேலத்துத் தமிழ், பள்ளிக்கூடத்தில் கன்னடம். எங்கள் பக்கம் எந்தத் தெருவில் நின்று 'மாதேஷ்' என்று கூப்பிட்டாலும் இரண்டு மூன்று பேராவது திரும்பிப் பார்ப்பார்கள். பெண்கள் என்றால் மகாதேவம்மா, மாதம்மா. எல்லாம் மலைமேல் இருக்கிற மாதேஸ்வரன் பேர்தான். ஒரே பேர் பலருக்கு இருந்தால் என்ன குழப்பம் வரும் என்பது எனக்குக் கம்ப்யூட்டர் படித்துத் தெரிந்ததல்ல. அதனால்தான் சர்வர்களுக்கு அவர் பேரை வைக்காமல் அவருடைய மலைகளின் பேரை வைத்தேன். மாதேஸ்வரனுக்கு எழுபத்தேழு மலை என்பது அவரைப் பாடும் கம்சாளைக்காரர்கள் கணக்கு. ஜேனுமலை, கானுமலை, பொன்னாச்சி என்று எடுத்துக்கொண்டேன். இனி எத்தனை மெஷின் வாங்கினாலும் பேருக்குப் பஞ்சமில்லை.

இதற்கு முன்னோர் வாக்கும் உண்டு. 1990இல் டான் லிபஸ் என்பவர் கம்ப்யூட்டருக்குப் பேர் வைப்பது எப்படி என்றே ஒரு குறிப்பு எழுதினார், இணையக் குறிப்புகளின் வரிசையில் ஆர்.எஃப்.சி. 1178 என்பார்கள். உன் பேரை வைக்காதே, அந்த மெஷின் இன்றைக்குச் செய்யும் வேலையின் பேரை வைக்காதே என்கிறார். வேலை மாறும், பேர் அப்படியே கிடக்கும். 'ரிசல்ட்' என்று பேர் வைத்த மெஷினில் அடுத்த வருஷம் நூலகக் கேட்டலாக் ஓடும். சகஸ்ரநாமம் போகிற திசைக்கு இது நேர் எதிர் என்பதைக் கவனியுங்கள். அங்கே ஒவ்வொரு பேரும் ஒரு குணத்தையோ செயலையோ சொல்லியாக வேண்டும். லிபஸுடைய நல்ல பேர் எதையும் சொல்லக் கூடாது, கூப்பிட்டால் வர வேண்டும், அவ்வளவுதான்.

எங்கள் தெருவில் மேல்கோட்டைக்காரர் ஒருவர் இருக்கிறார். சமஸ்கிருத ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் வீட்டு வைஃபை கெட்டுப்போனால் என்னைக் கூப்பிடுவார். சரி செய்து முடித்ததும் காப்பி வரும், கூடவே சாஸ்திரமும் வரும். ஒருநாள் இந்தப் பேர் விஷயத்தைச் சொன்னேன். "இதைத்தானேம்மா மீமாம்சகனும் நையாயிகனும் ஆயிரம் வருஷமா சண்டை போட்டான்" என்றார். சொல்லுக்கும் பொருளுக்கும் உள்ள உறவு யாரும் உண்டாக்கியதல்ல, அதற்குத் தொடக்கமே இல்லை என்பது மீமாம்சை. இந்தச் சொல்லால் இந்தப் பொருளை அறிக என்று ஒருவர் வகுத்த ஏற்பாடுதான் அது, முதலில் வகுத்தவன் ஈஸ்வரன் என்பது நியாயம்.

"அப்படின்னா சார், கொஞ்ச காலம் உங்க ஈஸ்வரன் கலிஃபோர்னியாவுல மென்லோ பார்க்குல இருந்தாரு" என்றேன்.

சிரித்தார். ஆனால் நடந்தது அதுதான். இணையத்துக்கு முன்னோடியான ஆர்ப்பாநெட்டில் எந்தப் பேர் எந்த மெஷின் எண்ணுக்கு என்ற பட்டியல் ஒரே ஒரு கோப்பாக இருந்தது. மென்லோ பார்க்கில் ஸ்டான்ஃபோர்டு ஆய்வு நிறுவனத்தில் எலிசபெத் ஃபைன்லர் அம்மையாரின் குழு அதைப் பராமரித்தது. புது மெஷின் வந்தால் அவர்களுக்குத் தெரிவிக்க வேண்டும். மற்றவர்கள் எல்லோரும் அந்தக் கோப்பை நகலெடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். மெஷின்கள் பெருகியதும் ஒரு கோப்பு தாங்கவில்லை. 1983இல் பால் மொக்கபெட்ரிஸ் டிஎன்எஸ் என்ற ஏற்பாட்டை வகுத்தார். அவரவர் எல்லைக்குள் அவரவர் பேர் வைத்துக்கொள்ளலாம், மேலே இருப்பவர் 'இன்ன பகுதிக்கு இன்னாரைக் கேள்' என்று வழி மட்டும் காட்டுவார். பழைய கோப்பின் வாரிசு இன்றும் ஒவ்வொரு லினக்ஸ் மெஷினிலும் ஹோஸ்ட்ஸ் என்ற பேரில் இருக்கிறது. பெரும்பாலும் மெஷின் முதலில் அதைத்தான் பார்க்கும், அதில் இல்லாவிட்டால்தான் உலகத்தைக் கேட்கும். முதல் மரியாதை வீட்டு வழக்கத்துக்குத்தான்.

சார் என்னை ஒரு இடத்தில் திருத்தினார். மீமாம்சகர்கள் பேசியது பசு, பானை மாதிரியான பொதுச் சொற்களைப் பற்றி. தேவதத்தன் என்று ஒரு பிள்ளைக்கு வைக்கிற பேர் மனிதர்கள் வைத்ததுதான் என்பதை அவர்களும் ஒப்புக்கொள்வார்களாம். அப்படியானால் கடவுள் பேர் எந்த வகை என்று கேட்டேன். காப்பி ஆறிவிட்டது என்று சொல்லி உள்ளே போய்விட்டார்.

எனக்கு இந்தக் கேள்வி ஹனூரிலிருந்தே வருகிறது. எங்கள் ஊரின் முழு விலாசத்தைச் சர்வர் பாணியில், சின்னதிலிருந்து பெரியதாக எழுதிப் பார்க்கிறேன். 1956க்கு முன்னால் ஹனூர், கொள்ளேகால், கோயம்புத்தூர், மதராஸ். அந்த வருஷம் நவம்பர் 1ஆம் தேதி மாநிலங்களைப் பிரித்தபோது ஹனூர், கொள்ளேகால், மைசூர், மைசூர். ஜில்லாவும் மைசூர், ராஜ்யமும் மைசூர். 1973இல் கடைசி மைசூர் கர்நாடகம் ஆனது. 1997இல் ஜில்லா சாமராஜநகர் ஆனது. பிறகு ஹனூரே தனித் தாலுகாவாகி, நடுவில் இருந்த கொள்ளேகால் உதிர்ந்தது. வலது பக்கம் அத்தனையும் மாறியாகிவிட்டது, இடது ஓரத்தில் இருக்கும் முதல் பேர் அசையவில்லை. எங்கள் ஆயா கடைசிவரை மைசூர் ஜில்லா என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த விலாசம் போட்ட கடிதாசும் வந்து சேர்ந்துகொண்டுதான் இருந்தது.

ஊருக்குள் இருக்கிறவர்களுக்கு அந்த வலது பக்கமே தேவையில்லை. 'ஹனூர்' என்றால் போதும். நெட்வொர்க்கிலும் அப்படித்தான். கல்லூரிக்குள் 'ஜேனுமலை' என்று தட்டினால் போதும், மெஷின் எழுந்து பதில் சொல்லும். வெளியே அந்தப் பேர் யாருக்கும் தெரியாது, தெரியவும் கூடாது. தேர்வு முடிவு பார்க்க வரும் பெற்றோருக்கு அதே மெஷின் கல்லூரியின் பேரோடு சேர்ந்த நீளமான பொதுப் பேரில் கிடைக்கிறது. எண்ணும் அப்படியே: உள்ளே ஒன்று, வெளியே ஒன்று.

உள்ளே இருக்கிற எண்களுக்கு ஒரு விசேஷம் உண்டு. 1996இல் வந்த ஆர்.எஃப்.சி. 1918 மூன்று எண் தொகுதிகளைத் தனியார் புழக்கத்துக்கு ஒதுக்கியது. 10இல் தொடங்கும் தொகுதியில் மட்டும் 1,67,77,216 எண்கள். யார் வேண்டுமானாலும் யாரையும் கேட்காமல் எடுத்துக்கொள்ளலாம்; ஆனால் வாசலைத் தாண்டினால் செல்லாது. உங்கள் வீட்டு ரவுட்டர் 192.168.1.1 ஆக இருக்கலாம், எதிர்வீட்டு ரவுட்டரும் அதுவாகவே இருக்கலாம். சண்டை இல்லை. ஹனூரில் பெட்டள்ளி மாரம்மா இருக்கிறாள். எங்கள் ஆயாவின் பிறந்த ஊரில் ஒரு மாரியம்மன் இருக்கிறாள். இரண்டும் ஒரே அம்மன்தானா என்று சின்ன வயதில் கேட்டேன். "அவ அந்த ஊரு மாரி, கண்ணு. இவ இந்த ஊரு மாரி" என்றார் ஆயா, இதில் என்ன சந்தேகம் என்பதுபோல. எல்லைக்குள் அவளுக்கு மேல் ஆளில்லை. எல்லைக்கு வெளியே அவள் பேச்சு எடுபடாது. அவளுக்கு அதில் குறையும் இல்லை.

பொது இணையத்தின் கொள்கை வேறு. பேர்களின் மரத்துக்கு வேர் ஒன்றுதான் இருக்க முடியும், இரண்டு இருந்தால் ஒரே பேர் இடத்துக்கு இடம் வேறு பொருளைக் காட்டும் என்று இணையக் கட்டமைப்புக் குழு 2000இல் ஆர்.எஃப்.சி. 2826 வழியாகத் தெளிவாகவே சொல்லிவிட்டது. ஒரே கேபிளில் இரண்டு சமயங்கள் ஓடுகின்றன என்று எனக்குத் தோன்றும். வெளியே ஏகன், உள்ளே ஊருக்கொரு அம்மன். 2024 ஜூலையில் 'டாட் இன்டர்னல்' என்ற பின்னொட்டை, இணையப் பேர்களை நிர்வகிக்கும் ஐகேன் அமைப்பு உள் நெட்வொர்க்குகளுக்கென்றே நிரந்தரமாக ஒதுக்கியது. அது வேரில் ஒருபோதும் ஏறாது, வெளியே யாருக்கும் விற்கப்படாது. எல்லைச்சாமிக்குக் கெஜட்டில் இடம் கிடைத்த மாதிரி.

இனி ஹாஸ்டல் கதை. இதை நான் புதிதாக வேலைக்கு வருகிற எல்லாப் பிள்ளைகளுக்கும் பலகையில் வரைந்து காட்டுவேன். ஹாஸ்டலும் சர்வரும் ஒரே உள் நெட்வொர்க்கில் இருக்கின்றன. ஹாஸ்டல் மாணவி வைஃபையில் இருந்துகொண்டு ரிசல்ட் பக்கத்தின் பொதுப் பேரைத் தட்டுகிறாள். டிஎன்எஸ் வெளி எண்ணைத் தருகிறது. அவள் கேள்வி வாசலில் இருக்கும் ஃபயர்வாலுக்குப் போகிறது. ஃபயர்வால், 'இந்த எண் நம்ம ஜேனுமலைதான்' என்று முகவரியை மாற்றி உள்ளே திருப்பிவிடுகிறது. ஜேனுமலை கேள்வியை வாங்கிப் பார்க்கிறது. கேட்டவள் பக்கத்திலேயே, இதே நெட்வொர்க்கில் இருக்கிறாள். சுற்றிப் போவானேன் என்று நேராகவே பதிலை அனுப்புகிறது, தன் உள் எண்ணிலிருந்து. மாணவியின் போன் அதைப் பார்த்து, 'நான் உன்னைக் கேட்கவே இல்லையே' என்று தள்ளிவிடுகிறது. அவள் யாரைக் கேட்டாளோ அவரேதான் பதில் சொன்னார், சொன்ன பதிலும் சரியானது. ஆனாலும் பக்கம் திறக்காது. பக்கத்துக் கட்டிலில் மொபைல் டேட்டாவில் இருக்கிறவளுக்கு மட்டும் திறக்கும்.

மாதேஸ்வரன் காவியத்தில் பேவினஹட்டி காளம்மா கதை வரும். பெரிய செல்வக்காரி. மாதேஸ்வரன் ஜங்கமராகப் பிச்சை கேட்டு வாசலில் வந்து நிற்கிறார், அவள் விரட்டிவிடுகிறாள். சின்ன வயதில் இதைத் திமிர் பிடித்தவளின் கதையாகத்தான் கேட்டேன். இப்போது காளம்மாவின் மேல் எனக்குக் கொஞ்சம் இரக்கம் உண்டு. அவள் எதிர்பார்த்த எண்ணிலிருந்து அவர் வரவில்லை.

ஹாஸ்டல் சிக்கலைத் தீர்க்கும் வழிகளில் ஒன்று, ஒரே பேருக்கு இரண்டு பதில் வைப்பது. உள்ளிருந்து கேட்டால் உள் எண், வெளியிலிருந்து கேட்டால் வெளி எண். பைண்ட் என்ற டிஎன்எஸ் மென்பொருளில் இதற்கு 'வியூ' என்று பேர். புதிதாகச் சேர்ந்த பையன் ஒருவன், "மேடம், ஒரே கேள்விக்கு ரெண்டு பதில்னா ஒண்ணு பொய்தானே?" என்று கேட்டான். மாதேஸ்வரன் மலைக்கு எப்படிப் போவது என்று மேட்டூர்க்காரர் கேட்டால் கொளத்தூர், பாலாறு வழியாகப் போ என்போம், மைசூர்க்காரர் கேட்டால் கொள்ளேகால், ஹனூர் வழியாகப் போ என்போம். இரண்டில் எது பொய் என்று திருப்பிக் கேட்டேன். எண் என்பது மெஷினின் சாராம்சமல்ல, அதை அடைய வழி. வழி, நிற்கிற இடத்தைப் பொறுத்தது.

இதோடு நிறுத்தினால் 'எல்லாப் பேரும் ஒன்றுதான், எல்லா வழியும் ஒரே இடத்துக்குத்தான்' என்ற மேடைப் பேச்சாகிவிடும். அந்த வாக்கியத்தின் மேல் எனக்கு மரியாதை குறைவு. இரண்டு பேரும் ஒரே மெஷினுக்குப் போகின்றன என்பது தானாக அமைந்த உண்மை அல்ல. யாரோ ஒருவர் உட்கார்ந்து இரண்டு பதிவேட்டையும் எழுதி, மெஷின் மாறும்போதெல்லாம் இரண்டையும் திருத்திக்கொண்டே இருந்தால்தான் அது உண்மை. பல இடங்களில் நடப்பது என்ன? சர்வரைப் புது மெஷினுக்கு மாற்றுவார்கள், வெளிப் பதிவேட்டைத் திருத்துவார்கள், உள் பதிவேட்டை விட்டுவிடுவார்கள். பழைய மெஷினும் ஓடிக்கொண்டிருந்தால் வெளியில் இருப்பவர்கள் புதுப் பக்கத்தைப் பார்ப்பார்கள். உள்ளே இருப்பவர்கள் பழைய பக்கத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்கள், பிழை என்று ஒரு செய்திகூட வராது. நாங்கள்தான் உள்ளே இருக்கிறோம், எங்களுக்குத்தான் நன்றாகத் தெரியும் என்கிற கூட்டத்துக்கு இப்படி நேர்வதைச் சமயங்களிலும் பார்க்கலாம்.

என் சித்தப்பாவுக்கும் எனக்கும் உள்ள வழக்கும் இப்படி இரண்டு பேர்களைப் பற்றியதுதான். சித்தப்பா படித்தவர், பக்திமான். மலையைப் பற்றிப் பேசும்போது 'ஸ்ரீ மலை மகாதேஸ்வர சுவாமி' என்று முழுசாகச் சொல்வார். ஆயா 'மாதப்பா' என்று ஒருமையில் கூப்பிட்டதும், மழை வராத வருஷத்தில் உரிமையாகத் திட்டியதும் அவருக்குப் பிடிக்காது. "மாதப்பாங்கிறது மகாதேவனைப் படிக்காத சனங்க சிதைச்சுச் சொன்னதும்மா. அசல் பேர் மகாதேவன்தான்" என்பார். மைசூரில் பிறந்த சமூகவியலாளர் எம்.என். சீனிவாஸ் இந்தப் போக்கை சமஸ்கிருதமயமாதல் என்று 1952இல் வந்த குடகர் பற்றிய புத்தகத்தில் விளக்கியிருக்கிறார். சித்தப்பாவிடம் சீனிவாஸைச் சொல்லிப் பயனில்லை. நான் சொன்னது டிஎன்எஸ்.

டிஎன்எஸ் பதிவில் பேர் இரண்டு வகையாக இருக்கலாம். ஒன்று 'ஏ' பதிவு: பேர் நேராக எண்ணைக் காட்டும். மற்றது 'சிநேம்', அதாவது ஆலியாஸ்: 'நான் வெறும் மறுபேர், அசல் பேர் இன்னது, அங்கே போய்க் கேள்' என்று கைகாட்டும். 1987இல் வந்த ஆர்.எஃப்.சி. 1034 இதற்கு ஒரு கறாரான விதி போட்டிருக்கிறது. ஒரு பேரை ஆலியாஸ் ஆக்கிவிட்டால் அந்தப் பேருக்கென்று வேறெந்தப் பதிவும் வைக்கக் கூடாது. மெயில் எங்கே வர வேண்டும் என்று எழுத முடியாது, ஒரு வரிக் குறிப்புகூட ஒட்ட முடியாது. அசல் பேரில் என்ன இருக்கிறதோ அதுதான் உனக்கும். அசல் பேர் பதிவேட்டிலிருந்து போனால் நீயும் போனாய்.

மாதப்பாவை மகாதேவனுக்கு ஆலியாஸ் ஆக்கினால் என்ன ஆகும் என்று பாருங்கள். அவருடைய புலி வாகனம் எங்கே போகும்? கயிலாயத்துக் கணக்கில் வாகனம் நந்தி. பேவினஹட்டி காளம்மா எந்தப் புராணத்தில் இருக்கிறாள்? கோயில் எழுப்பிய ஜுஞ்சே கவுடனுக்கும், அவர் வரம் கொடுத்த சங்கம்மாவுக்கும் சமஸ்கிருதத்தில் எந்தப் பதிவு? தீட்சை வாங்கிக்கொண்டு தலைமுறையாகப் பாடும் தேவரகுட்டர்கள் யாரைப் பாடுவார்கள்? அதெல்லாம் 'மாதப்பா' என்ற பேரின் கீழ் எழுதப்பட்ட பதிவுகள். ஆலியாஸ் ஆக்கிய அன்றைக்கே விதிப்படி எல்லாவற்றையும் அழித்தாக வேண்டும். மகாதேவனும் மாதப்பாவும் ஒரே இடத்துக்குத்தான் போகிறார்கள் என்று சித்தப்பா நம்பட்டும், நானும் மறுக்கவில்லை. இரண்டும் தனித்தனி 'ஏ' பதிவாக இருக்கட்டும் என்கிறேன். ஒன்று மற்றொன்றின் வழியாகத்தான் போக வேண்டும் என்பது பக்தி அல்ல, நிர்வாகம்.

சித்தப்பா இதற்குச் சொன்ன பதில்: "உனக்கு வேலை முத்திப்போச்சு."

மேல்கோட்டை சாரிடம் இதைச் சொன்னபோது அவர் வேறு பக்கம் போனார். மேல்கோட்டையில் கர்ப்பகிரகத்தை விட்டு அசையாத மூலவருக்குத் திருநாராயணன் என்று முறையான பேர். வைரமுடி சூட்டிக்கொண்டு வீதிக்கு வருகிற உற்சவருக்குச் செல்வப்பிள்ளை, ராமானுஜர் செல்லமாகக் கூப்பிட்ட பேர். "உங்க நெட்வொர்க்கில வீட்டுப் பேர் உள்ளே, ஊர்ப் பேர் வெளியே. எங்க பெருமாள் தலைகீழா வெச்சிருக்கார் பாத்தியா" என்றார். எனக்கு இதற்குப் பதில் இல்லை. எந்த நெட்வொர்க் வகுப்பிலும், உள்பேரை வீதிக்கு அனுப்பி, பொதுப் பேரைக் கதவுக்குப் பின்னால் வை என்று சொல்லித் தருவதில்லை. கசிந்த உள்பேர் ஆபத்து என்றுதான் எங்கள் சாஸ்திரம். செல்லப் பேர் கசியட்டும் என்று விட்டது ஒரு துணிச்சல்தான்.

பிறகு அவர் கேட்டது இன்னும் கூர்மையானது. "நீ சொன்னதெல்லாம் நாம கூப்பிடற பக்கம். அந்தப் பக்கத்திலேருந்து ஒண்ணும் கிடையாதா?"

இருக்கிறது. அதற்குத் தலைகீழ்ப் பதிவு என்று பேர், பிடிஆர் என்போம். பேரிலிருந்து எண்ணுக்குப் போகும் பதிவை என் எல்லைக்குள் நான் என் இஷ்டப்படி எழுதிக்கொள்ளலாம். இந்தப் பேருக்கு எந்த எண் என்று நானே சொல்லலாம், யார் எண்ணை வேண்டுமானாலும் காட்டலாம், தடுக்க ஆளில்லை. ஆனால் ஓர் எண்ணை எடுத்துக்கொண்டு, 'இதன் பேர் என்ன' என்று கேட்டால், பதில் சொல்லும் உரிமை பேர் வைத்தவருக்கு இல்லை. எண் யாருடையதோ அவருக்குத்தான். எங்கள் கல்லூரிக்கு வெளி எண் கொடுத்திருப்பது ஓர் இணைய நிறுவனம். அந்த எண்ணுக்குப் பேர் எழுத வேண்டியவர்கள் அவர்கள். இரண்டு பக்கமும் ஒத்துப்போகாவிட்டால், அதாவது நான் எழுதிய பேர் அந்த எண்ணைக் காட்டி, அந்த எண் திரும்ப இதே பேரைச் சொல்லாவிட்டால், பெரிய மெயில் சேவைகள் எங்கள் மெயிலை ஸ்பேமில் தள்ளும், அல்லது வாங்காமலே திருப்பி அனுப்பும்.

சார் நிமிர்ந்து உட்கார்ந்தார். "இதுதான் கிருபை" என்றார். கூப்பிடுவது ஜீவனுடைய காரியம், 'ஆமாம், இவன் என்னுடையவன்' என்பது அந்தப் பக்கத்துக் காரியம், குரங்குக்குட்டியா பூனைக்குட்டியா என்று வடகலையும் தென்கலையும் அடித்துக்கொண்டது இதற்குத்தான் என்று ஆரம்பித்தார். குட்டி தாயைப் பிடித்துக்கொள்ளும் முயற்சி வேண்டுமா, தாயே கவ்விக்கொண்டு போவாளா என்ற வழக்கு.

"எங்க விஷயத்துல ரெண்டும் வேணும் சார்" என்றேன். "நாம எழுதிக் கேக்கணும். அவங்க மனசு வெச்சுப் போடணும்."

"எத்தனை நாள்ல போடுவா?"

"அது அவங்க இஷ்டம் சார். டிக்கெட் போட்டிருக்கேன். நம்பர் வந்திருக்கு, பதில் வரலை."